கம்பி நயம்

7.1 மெகாஹெர்ட்ஸில் பேச ஒரு டைபோல் ஏரியல் கட்ட 20 மீட்டர் 14 சென்டிமீட்டர் கம்பி வேண்டும். ஹாம் வானொலிக் கையேடுகளைப் புரட்டினால் 143 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுக்கச் சொல்வார்கள். வகுத்தால் இந்த அளவு வரும். புதிதாக உரிமம் வாங்கியவர் அளந்து, வெட்டி, கட்டிவிட்டுப் பேசப் போய்விடுவார். அதில் தப்பில்லை. எனக்கு என்னவோ அந்த 143-ஐச் சும்மா கடந்துபோக மனம் வருவதில்லை. நியாயமாக அது 150 ஆக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

ஒளி நொடிக்கு ஏறக்குறைய 30 கோடி மீட்டர் ஓடுகிறது. வானொலி அலையும் அதே வேகம்தான். அதை நொடிக்கு 71 லட்சம் அதிர்வுகளால் வகுத்தால் ஓர் அலை 42 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அதில் பாதி 21 மீட்டர் 11 சென்டிமீட்டர். டைபோலை ‘அரை அலை ஏரியல்’ என்றுதான் சொல்கிறோம். வெட்டும்போது மட்டும் கிட்டத்தட்ட ஒரு மீட்டரைக் குறைத்துவிடுகிறோம். அந்த ஒரு மீட்டர் எங்கே போயிற்று?

காற்றில் தொங்கும் கம்பிக்கு முனை என்று ஒன்று இருக்கிறது. ஓடிவந்த மின்னூட்டம் அங்கே போக இடமின்றிக் குவிகிறது. குவிந்த மின்னூட்டம் சுற்றியுள்ள வெளியோடும் தரையோடும் ஒரு சிறு மின்தேக்கியாக உறவு வைத்துக்கொள்கிறது. அந்த உறவும் கம்பியின் நீளத்தில் சேர்ந்துகொள்ள, கண்ணுக்குத் தெரிவதைவிட மின்சாரத்துக்குக் கம்பி நீளமாகத் தோன்றுகிறது. இது முழுக் காரணம் அல்ல. கணக்கில் மட்டுமே இருக்கக்கூடிய, தடிமனே இல்லாத ஒரு கம்பியைச் சரியாக அரை அலைக்கு வெட்டினாலும் அது 73 ஓம் மின்தடையோடு, 42 ஓம் அளவுக்குச் சுருள் ஒன்றைக் கோத்ததுபோன்ற எதிர்ப்பையும் சேர்த்தே காட்டும். நுனியில் கொஞ்சம் நறுக்கினால்தான் அந்த இரண்டாவது எதிர்ப்பு அடங்கும். கம்பி தடிமனாக ஆக, இன்னும் நறுக்க வேண்டும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி என்றால் அந்த உறைக்காகவும் சற்றுக் குறைக்க வேண்டும். 143 என்பது இத்தனையையும் மனதில் வைத்து அனுபவஸ்தர்கள் ஒப்புக்கொண்ட ஒரு சராசரி. அதனால்தான் விவரம் தெரிந்தவர் யாரும் முதல் வெட்டிலேயே அந்த அளவுக்கு வெட்டுவதில்லை. இரண்டு பக்கமும் ஒரு முழம் கூடுதலாக விட்டு, மேலே ஏற்றிப் பார்த்து, இறக்கி, விரற்கடை விரற்கடையாகக் குறைப்பார்கள். நறுக்குவதற்குப் பதிலாக நுனியை மடக்கித் தன்மேலேயே சுற்றிவிடுவதும் உண்டு. நாளை அதிர்வெண் பட்டையின் கீழ்க் கோடிக்குப் போக ஆசை வந்தால் பிரித்துக்கொள்ளலாம்.

இந்தக் கம்பிக்குள் நடப்பதை நிதானமாக நினைத்துப் பார்க்க வேண்டும். மின்னோட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனைப் பக்கம் பாய்ந்து, திரும்பி, மறுபடி பாய்கிறது; ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு நொடியின் நூறு கோடியில் எழுபது பங்கு நேரம். நடுவில் மின்னோட்டம் உச்சம், அழுத்தம் குறைவு. முனைகளில் மின்னோட்டம் சுழியம், அழுத்தம் உச்சம். நூறு வாட் வானொலிப் பெட்டியை இணைத்தால் நடுவே ஓடுவது ஓர் ஆம்பியருக்குச் சற்று மேல். சாதாரண மின்விசிறிகள் மூன்று சேர்ந்து இழுப்பதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. அதே நேரத்தில் நுனியில் பல நூறு வோல்ட் நிற்கிறது. ஒரே கம்பி, நடுவில் சாது, நுனியில் பொல்லாதது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் நுனியைக் கட்டுகிறவர்கள் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் கட்ட வேண்டும் என்பது இதனால்தான். தொட்டால் தோலில் ஒரு சின்னப் புள்ளி வெந்துபோகும், ஆற நாளாகும்.

நடுவில் வெட்டி, வெட்டிய இடத்தில் சக்தியைக் கொடுப்பது என்ற இந்த ஏற்பாடு ஹைன்ரிக் ஹெர்ட்ஸுடையது. 1880-களின் பிற்பாதியில், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில், நடுவே பொறி பறக்கும் இடைவெளியும் இரு முனைகளிலும் துத்தநாகக் கோளங்களுமாக அவர் நிறுத்திய கம்பிதான் முதல் டைபோல். கோளங்கள் எதற்கு என்று இப்போது உங்களுக்கே விளங்கும்: முனையில் மின்னூட்டம் குவிய இடம் கொடுத்து, குட்டையான கம்பியை நீளமானதாக நடந்துகொள்ள வைப்பதற்கு. இடவசதி இல்லாத மாடிகளில் இன்றைய ஹாம்கள் நுனியில் கம்பி வளையங்களோ குறுக்குக் கம்பிகளோ வைப்பதும் அதே வேலைக்குத்தான். ஹெர்ட்ஸ் முதன்முதலாகக் கட்டியதிலேயே இந்த உபாயமும் இருந்திருக்கிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு.

கம்பியின் நுனியைக் கயிற்றோடு கட்டும் இடத்தில் ஒரு பொருள் இருக்கிறது. அளவில் கோழிமுட்டைதான் இருக்கும், பெயரும் முட்டை இன்சுலேட்டர். பீங்கான். தெருவில் மின்கம்பத்தைத் தாங்கும் ஸ்டே கம்பியின் நடுவில் இதன் பெரிய அண்ணனைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றுக்கொன்று குறுக்காகச் செல்லும் இரண்டு துளைகள். ஒன்றில் ஏரியல் கம்பி வளைந்து திரும்பும், மற்றதில் கயிறு. இரண்டு வளையங்களும் பீங்கானுக்குள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு நிற்கின்றன, தொடாமல். இழுவை வரும்போது பீங்கான் நீட்டப்படுவதில்லை, நசுக்கப்படுகிறது. பீங்கானை இழுத்து உடைப்பது சுலபம், நசுக்கி உடைப்பது கடினம். அப்படியும் புயலில் உடைந்துபோனால்? கோத்திருந்த வளையங்கள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும். ஏரியல் தரைக்கு வராது. உடைந்தாலும் விழக்கூடாது என்று உடைவதற்கு முன்பே யோசித்துச் செய்த பொருள் இது. இதற்குப் பதிலாக பிவிசி குழாய்த் துண்டில் இரண்டு துளை போட்டு வைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்; வேலை நடக்கும். முட்டையின் அழகு மட்டும் அதில் கிடைக்காது.

கயிற்றின் மறுமுனை தென்னையில் கட்டப்படும் என்றால் இன்னொரு விஷயம். தென்னை ஆடும். ஆடுகிற மரத்தில் இறுக்கிக் கட்டிய கம்பி ஐப்பசி மாதத்தைத் தாண்டாது. ஆகவே மரத்தில் ஒரு கப்பியை மாட்டி, கயிற்றை அதன்வழி கீழே விட்டு, அதன் நுனியில் மணல் நிரப்பிய ஒரு டப்பாவைத் தொங்கவிடுவார்கள். மரம் கம்பியை விட்டு விலகிச் சாய்ந்தால் டப்பா மேலே ஏறும், கம்பியை நோக்கிச் சாய்ந்தால் கீழே இறங்கும். கம்பியின் இழுவை மாறுவதில்லை. நைலான் கயிறு நம் வெயிலுக்குப் பொடிந்துபோகும். அதை மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டு மரங்களுக்கு வழியில்லாத நகரத்து மாடியில் இருப்பது ஒரே கம்பம். நடுவை அதன் உச்சியில் ஏற்றி, இரண்டு கைகளையும் சரித்துக் கீழே இறக்கிக் கட்டினால் கவிழ்த்த ‘வி’ எழுத்து. வசதிக்காகச் செய்தது, கூடவே ஒரு லாபத்தையும் கொண்டுவருகிறது. கைகள் சாயச் சாய நடுவில் தெரியும் 73 ஓம் குறைந்து 50-ஐ நெருங்குகிறது. 50-தான் பெட்டி எதிர்பார்ப்பது. இடைக்கோணம் 90 பாகைக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்தக் கம்பியிலிருந்து அலை எங்கே போகிறது? வெட்டவெளியில் தனியாக நிற்கும் டைபோலுக்கு அது ஒரு மெதுவடை. துளை வழியாகக் கம்பி போகிறது. கம்பிக்குச் செங்குத்தான திசைகளிலெல்லாம் வடை தடித்திருக்கிறது. கம்பி நீளும் திசையில் ஒன்றுமில்லை. ஆனால் நம் ஏரியலுக்குக் கீழே தரை இருக்கிறது. கீழ்நோக்கிப் போன அலையைத் தரை மேலே திருப்பி அனுப்புகிறது. நேரே போனதும் திரும்பி வந்ததும் சேர்ந்து வடையை வேறு வடிவாகப் பிசைந்துவிடுகின்றன. கால் அலை உயரத்தில், அதாவது 10 மீட்டர் சொச்சத்தில், கட்டினால் பெரும்பகுதி நேரே வானத்தை நோக்கிப் போகிறது. அரை அலை உயரத்தில், 21 மீட்டரில், அது இரண்டாகப் பிளந்து தொடுவானிலிருந்து 30 பாகை வாக்கில் சாய்கிறது.

தூரதேசம் பேச ஆசைப்படுபவர் முதலாவதைக் குறை என்பார். நான் அப்படி நினைக்கவில்லை. செங்குத்தாக மேலே போன 7 மெகாஹெர்ட்ஸ் அலை அயனி மண்டலத்தில் பட்டுக் குடைபோலச் சுற்றிலும் இறங்குகிறது. சென்னையில் இரண்டு மாடி வீட்டின் மேலே கட்டிய தாழ்ந்த கம்பி வேலூரையும் திருச்சியையும் மதுரையையும் ஒரே குடைக்குள் கொண்டுவந்துவிடும். மலை குறுக்கே நின்றாலும் கவலையில்லை. அலை மலைக்கு மேலிருந்து வருகிறது. தென் தமிழ்நாட்டுக்குக் காந்த நடுக்கோடும் பக்கம். தும்பாவில் 1963-இல் ராக்கெட் தளம் அமைக்கப்பட்டதே அந்தக் கோட்டுக்காகத்தான். அதன் அருகே பகலில் வானத்து அயனிகள் அடர்த்தியாக இருக்கும். குளிர்நாட்டு ஹாம் ஒருவருக்கு 7 மெகாஹெர்ட்ஸ் தலைக்குமேல் துளைத்துக்கொண்டு ஓடிப்போகும் சமயங்களிலும் நமக்குத் திரும்பி வருவதுண்டு. எந்த உயரம் சரி என்பது யாரோடு பேச வேண்டும் என்பதைப் பொறுத்தது. இதைச் சொல்லாமல் ‘எவ்வளவு முடியுமோ அவ்வளவு உயர்த்து’ என்று மட்டும் சொல்லும் புத்தகங்கள் பாதிதான் சொல்கின்றன.

இனி, மேலே இருக்கும் கம்பிக்கும் மேசைமேல் இருக்கும் பெட்டிக்கும் நடுவில் வருவது. ஃபீட் லைன். புதியவர்கள் இதற்கு மரியாதை கொடுப்பதே இல்லை. இரண்டு இடங்களை இணைக்கும் ஒயர்தானே என்று நினைக்கிறார்கள். என் கணக்கில் இந்தப் பொழுதுபோக்கிலேயே நுணுக்கம் அதிகம் அடைபட்ட இடம் இதுதான்.

கோஆக்சியல் கேபிளை ஒரு துண்டு நறுக்கிப் பாருங்கள். நடுவே செம்பு, அதைச் சுற்றி வெள்ளைப் பாலித்தீன், அதன்மேல் மெல்லிய செம்பு இழைகளின் பின்னல், எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு உறை. இரண்டு கடத்திகள் என்று எண்ணுவோம். வானொலி அலைக்கோ இதில் மூன்று கடத்திகள் இருக்கின்றன. 7 மெகாஹெர்ட்ஸில் மின்சாரம் செம்பின் மேற்தோலில் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு ஆழத்துக்குமேல் இறங்குவதில்லை. ஆகவே நடுக்கம்பியின் மேற்பரப்பு ஒரு வழி. பின்னலின் உட்புறம் இன்னொரு வழி. பின்னலின் வெளிப்புறம் மூன்றாவது வழி. உட்புறத்துக்கும் அதற்கும் இடையே போக்குவரத்தே கிடையாது, இரண்டும் ஒரே செம்பாக இருந்தாலும். உள்ளே இரு மின்னோட்டங்களும் சமமாக, எதிரெதிராக ஓடுகின்றன. அவற்றின் புலம் பாலித்தீனுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வெளியே இருக்கும் உலகத்துக்கு இந்தக் கேபிளில் எதுவும் நடக்கவில்லை.

பிரச்சினை கேபிள் முடியும் இடத்தில் வருகிறது. நடுக்கம்பி டைபோலின் ஒரு கைக்குப் போகிறது, பின்னல் மறு கைக்கு. பின்னலின் உட்புறத்தில் ஏறிவந்த மின்னோட்டத்துக்கு அங்கே இரண்டு பாதைகள்: ஏரியலின் கையில் போகலாம், அல்லது விளிம்பைத் தாண்டிப் பின்னலின் வெளிப்புறத்தில் இறங்கி வீட்டுக்கே திரும்பலாம். கொஞ்சம் இறங்கிவிடும். அப்போது கேபிளும் ஏரியலாகிவிடுகிறது. மைக்கை வாய்க்கருகில் கொண்டுபோனால் உதட்டில் சுருக்கென்று கடிக்கும். பக்கத்து அறையில் ஒலிபெருக்கி நம் குரலில் கரகரக்கும். இதற்கு மருந்து வேடிக்கையானது. ஏரியலின் நடுவில் வந்து சேரும் இடத்தில் அதே கேபிளை ஒரு சாண் விட்டத்தில் எட்டுப் பத்துச் சுற்று சுற்றிக் கட்டிவிடுவது. உள்ளே ஓடுபவற்றுக்குத் தாங்கள் சுற்றிப் போகிறோம் என்பதே தெரியாது. அவற்றின் புலம் உள்ளேயே இருக்கிறதே. வெளிப்புறத்தில் இறங்கப் பார்ப்பதற்கு மட்டும் அது ஒரு பெரிய சுருளாக நின்று வழி மறிக்கிறது. ஒரே செம்புப் பின்னலின் ஒரு பக்கத்துக்கு வாசல், மறுபக்கத்துக்குச் சுவர். இதைவிடச் சிக்கனமான வடிகட்டி எனக்குத் தெரிந்து வேறில்லை. கடையில் ஃபெரைட் வளையத்தில் சுற்றி, டப்பாவில் அடைத்து, பாலன் என்று விற்பதும் பெரும்பாலும் இதே வேலையைத்தான் செய்கிறது, இன்னும் அகலமான அதிர்வெண்களுக்கு.

ஓர் அச்சில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கடத்திகளை வைக்கும் யோசனைக்கு 1880-லேயே இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்தவர் ஆலிவர் ஹெவிசைட். பள்ளிப்படிப்போடு நின்று, தந்தி வேலை பார்த்து, மீதியைத் தானாகப் படித்தவர். நீண்ட கம்பியில் அலை எப்படி நகர்கிறது என்ற சமன்பாடுகளை எழுதியவர். வளிமண்டலத்தின் மேலே அலைகளைத் திருப்பி அனுப்பும் ஓர் அடுக்கு இருக்க வேண்டும் என்று 1902-இல் சொன்னவரும் அவரேதான். அமெரிக்காவில் கென்னலியும் அதே ஆண்டில் சொன்னார். மேசையிலிருந்து மாடிக்குப் போகும் கேபிள், மாடியிலிருந்து வானத்துக்குப் போகும் அலையைத் திருப்பும் கூரை, இரண்டிலும் இந்தத் தனிமை விரும்பியின் கை இருக்கிறது. நாம் மதுரையை அழைக்கும்போது இரண்டு முறை அவரைக் கடந்து போகிறோம்.

இன்றைய வடிவில் கோஆக்சியலை 1929-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் எஸ்பன்ஷீடும் அஃபெலும் காப்புரிமைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப்பின் எழுந்த கேள்வி, உள்கம்பிக்கும் வெளிக்குழாய்க்கும் விட்ட விகிதம் என்னவாக இருப்பது நல்லது என்பது. உள்ளே காற்று மட்டும் இருந்தால், அதிகச் சக்தியைத் தாங்குவது 30 ஓம் கேபிள். குறைவாக இழப்பது 77 ஓம் கேபிள். ஒன்று வேண்டுமென்றால் மற்றது போகும். 50 என்பது நடுவில் பேசி முடித்த விலை. இதோடு நின்றிருந்தால் சமரசம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் காற்றுக்குப் பதிலாகப் பாலித்தீனை நிரப்பினால் குறைந்த இழப்புக்கான 77 இறங்கி வந்து 51-இல் நிற்கிறது! இரண்டுக்கும் நடுவே என்று தேர்ந்த எண், நாம் வாங்கும் கேபிளில் தானாகவே சிறந்த எண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

தொலைக்காட்சிக் கேபிள் 75 ஓம். குறைந்த இழப்பை மட்டும் பார்த்து எடுத்த எண்ணின் வாரிசு. நம் ஊரில் தெருவுக்குத் தெரு அது மலிவாகக் கிடைக்கிறது. வீட்டில் மிச்சத் துண்டு இல்லாதவர் அரிது. கிடைமட்டமாகக் கட்டிய டைபோலின் 73 ஓமுக்கு அது ஏறக்குறைய வார்த்துவைத்த பொருத்தம். பெட்டியின் பக்கம் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.5 காட்டும், பெட்டி அதைப் பொருட்படுத்தாது. 50 ஓம் இல்லை என்பதற்காக இதை ஒதுக்குபவர்கள் வீணாகச் செலவழிக்கிறார்கள்.

மீட்டரைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எஸ்.டபிள்யூ.ஆர். என்பது போன அலைக்கும் திரும்பிவந்த அலைக்கும் உள்ள உறவைக் காட்டும் எண். 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 1.5 என்றால் நூற்றுக்கு 4, 2 என்றால் 11, 3 என்றால் 25 பங்கு திரும்புகிறது. புதியவர்கள் இந்த எண்ணை 1-க்குக் கொண்டுவரத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஏரியலைக் கழற்றிவிட்டு 50 ஓம் மின்தடையை மாட்டினால் மீட்டர் 1 காட்டும், ஒரு குரலும் வெளியே போகாது. இன்னும் ருசியான கதை ஒன்று உண்டு. விரலளவுகூடத் தடிக்காத, 5 மில்லிமீட்டர் கேபிளான ஆர்ஜி-58-ஐ 30 மீட்டர் எடுத்து 145 மெகாஹெர்ட்ஸில் போடுங்கள். ஏறத்தாழ 6 டெசிபல் இழப்பு. போனதில் கால்பங்குதான் மேலே சேரும். மேலே ஏரியலே இல்லை, கேபிள் நுனி வெறுமனே தொங்குகிறது என்று வையுங்கள். சேர்ந்த கால்பங்கு முழுவதும் திரும்புகிறது. இறங்கும்போது அதிலும் கால்பங்குதான் மிஞ்சுகிறது. கீழே இருக்கும் மீட்டருக்குத் தெரிவது பதினாறில் ஒரு பங்கு. அது 1.7 என்று காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். ஏரியலே இல்லாத நிலையத்துக்கு நற்சான்றிதழ்! கேபிள் எவ்வளவு மோசமோ மீட்டர் அவ்வளவு இனிமையாகப் பேசும். கேபிளின் மேல் நுனியில் ஒருமுறை அளக்காமல் கீழே காட்டும் எண்ணை நம்பக் கூடாது. இப்போது நானோவிஎன்ஏ என்ற கையடக்க அளவுக்கருவி மலிவாகக் கிடைப்பதால் மாடிக்கே எடுத்துப்போய் அளக்க முடிகிறது.

அதே கேபிள் 7 மெகாஹெர்ட்ஸில் அவ்வளவு கெட்ட பிள்ளை அல்ல. 30 மீட்டரில் கால்பங்கு போல இழந்து முக்கால்பங்கை மேலே சேர்க்கும். அதிர்வெண் ஏற ஏறத்தான் கேபிள் தடிக்க வேண்டும். 145-க்கு 10 மில்லிமீட்டர் தடித்த ஆர்ஜி-213 வாங்கலாம், அல்லது பெட்டியை ஏரியலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகலாம். இரண்டாவது யோசனையை யாரும் சொல்வதில்லை. செலவே இல்லாதது என்பதால் இருக்கும்.

பாலித்தீனுக்குள் அலை மெதுவாக நடக்கிறது, ஒளியின் வேகத்தில் நூற்றுக்கு 66. ஆகவே கேபிளுக்குள் அலையும் குட்டை. 7.1-இன் கால் அலை, வெளியில் பத்தரை மீட்டர். கேபிளுக்குள் ஏழு மீட்டருக்கு ஒரு விரல் குறைவு. இந்தத் துண்டு செய்யும் வேலைகள் கண்கட்டு வித்தையை ஒத்தவை. அதன் ஒரு நுனியைத் திறந்தபடி விட்டால் மறுநுனியில் 7.1-க்கு அது உள்கம்பியும் பின்னலும் ஒட்டிக்கொண்ட கேபிளாகத் தெரியும். நுனியை ஒட்டிவிட்டாலோ மறுநுனியில் அங்கே எதுவுமே இணைக்காததுபோல் தெரியும். ஓமானியை வைத்துப் பார்த்தால் நேர்மாறாகச் சொல்லும். ஓமானிக்கு அலையைத் தெரியாது. திறந்தபடி விட்ட அதே ஏழு மீட்டர், இரட்டிப்பு அதிர்வெண்ணான 14.2-இல் அரை அலையாகிவிடுவதால் அங்கே கண்ணில்படாமல் ஒதுங்கிக்கொள்ளும். ஒரே கூரையின்கீழ் இரண்டு பட்டைகளில் இரண்டு பெட்டிகளை ஓட்டுபவர்கள் போட்டி நாட்களில் இப்படிப்பட்ட ஒரு வால் கேபிளைத் தொங்கவிட்டு, 14-இல் கேட்டுக்கொண்டிருக்கும் பெட்டியைப் பக்கத்திலுள்ள 7-இன் இரைச்சலிலிருந்து காப்பாற்றிக்கொள்கிறார்கள். ஒன்றோடும் இணையாத ஒரு நுனி காவல் காக்கிறது.

கோஆக்சியலுக்கு முந்தைய காலத்து ஃபீட் லைன் ஏணிக் கம்பி. இரண்டு வெறும் கம்பிகள், நடுவே தப்பைகள், பார்த்தால் பொம்மை ஏணி. 2 மில்லிமீட்டர் கம்பிகளை 15 சென்டிமீட்டர் தள்ளி ஓட்டினால் 600 ஓம். இதற்கு உறையும் கிடையாது, பின்னலும் கிடையாது. இரண்டிலும் ஓடும் எதிரெதிர் மின்னோட்டங்கள் கொஞ்ச தூரத்திலேயே ஒன்றையொன்று அழித்துக்கொள்வதுதான் இதன் காப்பு. காற்றைத் தவிர வேறு பொருள் இல்லாததால் இழப்பு மிகச் சொற்பம். எஸ்.டபிள்யூ.ஆர். பத்தாக இருந்தாலும் அசராது. பெட்டிக்கும் கம்பிக்கும் பொருத்தம் செய்யும் ட்யூனர் ஒன்று இருந்தால் ஒரே டைபோலைப் பல பட்டைகளில் ஓட்டலாம். குறைகளும் உண்டு: இரும்புக் கம்பி, ஜன்னல் கம்பி, மழைநீர்க் குழாய் எதன் பக்கத்திலும் போகக்கூடாது, சமநிலை குலையும். அடுக்குமாடியில் இருப்பவருக்கு இது கிட்டாத கனி. நிலமுள்ளவர்கள் பிவிசி துண்டுகளைத் தப்பையாக வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பின்னிவிடலாம்.

இதன் தம்பியை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் தொட்டிருக்கிறார்கள். பழைய தொலைக்காட்சி ஏரியலிலிருந்து ஓடு வழியாக இறங்கிய தட்டை ஒயர், 300 ஓம். சென்னையில் 1975-இல் தூர்தர்ஷன் வந்தபோதும், 1982-இல் கொழும்பில் ரூபவாகினி தொடங்கி நம் கடற்கரை ஊர்களில் உயரக் குழாய்கள் முளைத்தபோதும் இறங்கியது அதுதான். மேலே இருந்தது 1926-இல் செண்டாய் நகரின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் உடாவும் யாகியும் உலகுக்குச் சொன்ன ஏரியல். அதன் பல குச்சிகளில் ஒன்று மட்டும் இரட்டையாக மடங்கி மூடிய வளையமாக இருக்கும். ஒயர் அதில்தான் சேரும். ஏன் மடக்கினார்கள்? டைபோலுக்கு இணையாக அதே நீளத்தில் இன்னொரு கம்பியை வைத்து முனைகளை இணைத்தால் மின்னோட்டம் இரண்டிலும் பாதிப்பாதியாகப் பிரிகிறது. வெட்டிய இடத்தில் ஓடுவது பாதி என்றால் அங்கே தெரியும் ஓம் நான்கு மடங்கு. 73-ஐ நான்கால் பெருக்கினால் 292, ஒயர் 300. ஒரு கம்பியை வளைத்ததிலேயே பொருத்தம் முடிந்துவிட்டது, தனியாக ஒரு உறுப்புத் தேவைப்படவில்லை. கோடிக்கணக்கான கூரைகளில் காகம் உட்கார்ந்த அந்த வளையத்தில் இந்தக் கணக்கு இருந்தது.

கடைசியாக, தண்ணீர். கோஆக்சியலின் சத்ரு அதுதான். பின்னலில் ஒரு சொட்டு நுழைந்தால் இழைகளின் நுண்குழல் வழியே மீட்டர் கணக்கில் பயணம் செய்யும்; செம்பு கறுத்து, இழப்பு மெல்ல மெல்ல ஏறும். மீட்டரோ, நாம் பார்த்ததுபோல், மேலும் மேலும் பாராட்டும். நடுப்பகுதியில் சால்டர் வைத்த இடத்தைத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரணக் கறுப்பு டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். கீழிருந்து என்றால் ஒவ்வொரு சுற்றும் முந்தையதன்மேல் ஓடு வேய்ந்தாற்போல் படியும், நீர் உள்ளே புகாது. பிஎல்-259 கனெக்டருக்கு மழை தாங்கும் குணமே கிடையாது. பெல் ஆய்வுக்கூடத்து பால் நீலின் பெயர்கொண்ட ‘என்’ கனெக்டருக்குள் ரப்பர் வளையம் உண்டு. மாடியில் இருக்கும் முனைக்கு அதையே வாங்கலாம். சுவர்த் துளைக்குள் நுழையுமுன் கேபிளைத் துளைக்குக் கீழே ஒரு முழம் தாழ விட்டு, பிறகு மேலே ஏற்றி உள்ளே விடுங்கள். கேபிளைப் பற்றி இறங்கும் மழைநீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும், அறைக்குள் வராது. மின்சார வாரியக் கம்பி விழுந்தால் எட்டும் தூரத்தில் ஏரியலையே கட்டாதீர்கள். இடி வரும்போல் தோன்றும் மாலைகளில் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி, நுனியை ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். முதல் இடி கேட்ட பிறகு அல்ல, வானம் கறுத்ததுமே.